அப்பாவின் கடனுக்கு எந்த வழி?

எங்கள் வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதம், வங்கிக் கடிதம் அனைத்தையும் படித்துப் பொருள் சொல்வது பதின்மூன்று வயதிலிருந்தே என் வேலை. அப்பாவும் அம்மாவும் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர்கள். மலாய் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் கடிதத்தில் வரும் மலாய் வேறு. நானும் தமிழ்ப்பள்ளியில்தான் தொடங்கினேன். பிறகு புகுமுக வகுப்பில் ஓராண்டு தட்டுத் தடுமாறி, தேசிய இடைநிலைப்பள்ளியில் அந்த மொழியோடு பழகினேன். ஆகவே தபால்காரர் போட்டுவிட்டுப் போவதெல்லாம் என் கைக்கு வந்துதான் வீட்டுக்குள் போகும்.

நான் பல்கலைக்கழக விடுதிக்கு வந்த பிறகு இந்த வழக்கம் நின்றுபோனது. 2025 பிப்ரவரியில் தவணை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். சமையலறை அலமாரியின் மேல் தட்டில் இருந்த பெரிய மைலோ டின்னை மைலோ என்று நினைத்தே திறந்தேன். உள்ளே பிரிக்கப்படாத உறைகள் இருந்தன. முப்பத்தொன்று. எண்ணிப் பார்த்தேன்.

"படிக்கிற பிள்ளைய ஏன் தொந்தரவு பண்ணணும்னுதான் பாப்பா" என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் பேசவில்லை. அம்மாதான் சொன்னார்: "அப்பாவ திவால் ஆக்கிடுவாங்களாம்மா? பக்கத்து புளோக் அங்கிள் மாதிரி?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படிப்பது கணக்கியலும் அல்ல, சட்டமும் அல்ல. அடுத்த நான்கு மாதங்களில் அந்தப் பதிலைத் தேடிப் போனபோது அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மலரை வாசிக்கும் நண்பர்களில் சிலர் வீட்டிலும் இப்படியொரு டின் இருக்கலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். அப்பாவிடம் அனுமதி கேட்டேன். "பேர் போடாத, நம்பர் போடு" என்றார்.

அந்த எண்கள் இவை. கடன் அட்டை இரண்டு: ஒன்றில் 5,600 ரிங்கிட், மற்றொன்றில் 4,900 ரிங்கிட். வங்கியில் வாங்கிய தனிநபர் கடனில் மீதம் 11,200. வாடகைக் கொள்முதலில் எடுத்த பழைய காரில் மீதம் 8,400. அடகுக்கடையில் அம்மாவின் இரண்டு வளையல்களின் மேல் 2,400. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமாவிடம் கைமாற்றாக 3,000. மொத்தம் 35,500 ரிங்கிட்.

இது எப்படிச் சேர்ந்தது என்பதை நீட்டி எழுத விரும்பவில்லை. 2020இல் கோவிட் காலத்தில் தொழிற்சாலை பாதி நாள் மூடியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை வங்கிகள் தவணையை ஒத்திவைத்தன. அதை எங்கள் வீட்டில் தள்ளுபடி என்றே புரிந்துகொண்டோம். பாட்டியின் மருத்துவச் செலவும் கருமாதியும் வந்தன. பிறகு அப்பாவின் ஓவர்டைம் குறைந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு ஓவர்டைம்தான் பாதிச் சம்பளம். ஊதாரித்தனம் என்று சுட்டிக்காட்ட அந்த முப்பத்தொரு கடிதத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு வாங்கிய தொலைக்காட்சி இருந்தது, அவ்வளவுதான்.

கடனில் இருப்பவர் முதலில் பார்க்கும் எண் மொத்தக் கடன். அதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. ஆனால் எந்த வழி பொருந்தும் என்று தீர்மானிப்பது அந்த எண் அல்ல, வேறொன்று. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஓர் இரவு முழுவதும் தேவைப்பட்டது.

அப்பாவின் கைக்கு வரும் சம்பளம், சேமநிதியும் சொக்சோவும் பிடித்தது போக, 2,150 ரிங்கிட். அம்மா தையலிலும் பாலர் பள்ளி உதவியிலும் சராசரியாக 700 கொண்டு வருகிறார். ஆக 2,850. வீட்டு வாடகை 450, மளிகையும் மீனும் காய்கறியும் 800, மின்சாரம், தண்ணீர், கைப்பேசி 230, பெட்ரோலும் டோலும் 250, தம்பியின் பள்ளி வேனும் டியூஷனும் 180, மருந்து 40, மொய்யும் கோயிலும் 60. மொத்தம் 2,010. மிஞ்சுவது 840 ரிங்கிட்.

இந்த 840தான் நான் சொன்ன எண். சாப்பிட்டு, வாடகை கொடுத்து, வேலைக்குப் போய் வந்த பிறகு கடனுக்கென்று உண்மையிலேயே எடுத்து வைக்கக்கூடிய தொகை. இதைக் கணக்கிடும்போது பொய் சொல்லக் கூடாது. அம்மா முதலில் மளிகைக்கு 500 என்றுதான் சொன்னார். ரசீதுகளைப் பார்த்தால் 800. "மொய்யை எடுத்துடு" என்றார் அப்பா. எடுத்தால் தாளில் அழகாக இருக்கும். அடுத்த மாதம் கல்யாணம் வந்தால் என்ன செய்வது?

எதிர்ப்பக்கத்தில் மாதந்தோறும் கட்ட வேண்டியது என்ன? கடன் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், எது அதிகமோ அது. இரண்டு அட்டைக்கும் சேர்த்து 525. தனிநபர் கடன் 410. கார் 395. அடகுக்கடையில் மாதம் 2 விழுக்காடு என்பது சட்டம் வகுத்த உச்ச வட்டி, 2,400க்கு 48. கூட்டினால் 1,378 ரிங்கிட். மாமாவுக்கு ஒரு காசும் சேர்க்காமலேயே மாதம் 538 ரிங்கிட் துண்டு விழுகிறது. இந்தத் துண்டை அப்பா எப்படி அடைத்தார் என்றால், இரண்டாவது அட்டையில் ரொக்கம் எடுத்து முதல் அட்டைக்குக் கட்டினார். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு, வட்டியும் அன்றே ஓடத் தொடங்கும்.

நம் நாட்டில் கடன் அட்டை வட்டி மூன்று படிகளில் உள்ளது: ஒழுங்காகக் கட்டி வந்தவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, இடையில் சில முறை தவறியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. சிரமப்படுபவருக்கே அதிக வட்டி. 10,500 ரிங்கிட்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாதம் ஏறக்குறைய 157 ரிங்கிட் வட்டிக்கு மட்டுமே போகும். இதை அப்பாவுக்கு விளக்கியபோது, "அப்ப நான் மூணு வருசமா யாருக்குக் கட்டுனேன்?" என்று கேட்டார்.

சரி, வழிகளுக்கு வருவோம். அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

பக்கத்து புளோக் அங்கிள் 2009இல் திவாலானவர். நண்பரின் காருக்குப் பிணையாளாகக் கையெழுத்துப் போட்டார், நண்பர் கட்டவில்லை. அப்போது 30,000 ரிங்கிட் கடன் இருந்தாலே ஒருவரைத் திவாலாக்க முடியும். திவாலானவர் நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. திவால் துறைத் தலைமை இயக்குநரின் அல்லது நீதிமன்றத்தின் அனுமதி இன்றி நாட்டை விட்டு வெளியே போக முடியாது. தம் மூத்த அக்காள் திருச்சியில் இறந்தபோது அங்கிளால் போக முடியவில்லை. அனுமதி கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. எங்கள் தாமானில் திவால் என்றால் எல்லார் மனத்திலும் வருவது அவர் முகம்தான்.

ஆனால் அவர் மாட்டிக்கொண்ட சட்டம் இன்று அப்படியே இல்லை. 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டம் 2017 அக்டோபரில் திருத்தப்பட்டுப் பெயரும் மாறியது. அப்போது வரம்பு 50,000 ஆனது. கோவிட் காலத்தில் அது 100,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டு, பின்னர் நிரந்தரமானது. அதாவது ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவான கடனுக்காகக் கடன் கொடுத்தவர் ஒருவர் மீது திவால் மனு போட முடியாது. அது மட்டுமல்ல, 2017 திருத்தம் சமூகப் பிணையாளருக்கு முழுப் பாதுகாப்பு தந்தது. இலாப நோக்கமின்றி, ஒருவரின் கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ கையெழுத்துப் போட்டவரை அந்தக் கடனுக்காகத் திவாலாக்க முடியாது. அங்கிள் எட்டு ஆண்டு தாமதமாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் கதையே வேறு. 2023இல் அரசாங்கம் இரண்டாவது வாய்ப்புக் கொள்கை என்ற பெயரில் சிறு கடன்களால் திவாலானவர்களை விடுவிக்கும் முயற்சியைத் தொடங்கியது. அதன்பின்தான் அவர் திவால் துறைக்குப் போய்த் தம் கோப்பைப் பற்றி விசாரித்தார்.

ஆகவே அம்மாவின் கேள்விக்குப் பதில்: 35,500 ரிங்கிட்டுக்கு அப்பாவை யாரும் திவாலாக்க முடியாது. இதைச் சொன்னதும் அம்மா எழுந்து போய்த் தேநீர் போட்டார். நான் உடனே இன்னொன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. திவாலாக்க முடியாது என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று பொருளல்ல. வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். சம்மன் கைக்கு வந்த 14 நாள்களுக்குள் முன்னிலையாகவில்லை என்றால், நம் பக்கம் கேட்காமலேயே தீர்ப்பு வாங்கிவிடலாம். பிறகு பொருளை ஜப்தி செய்யலாம். நீதிமன்றத்துக்கு அழைத்து வருமானத்தை விசாரித்துத் தவணை விதிக்கலாம். காரைப் பொறுத்தவரை இரண்டு தவணை தொடர்ந்து தவறினாலே அறிவிப்பு கொடுத்து, 21 நாள் கழித்து இழுத்துப் போக முடியும். முக்கால் பங்குக்கு மேல் கட்டியாகிவிட்டால் மட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். பிரிக்காத உறையில் இருக்கும் ஆபத்து இதுதான். நல்ல வேளையாக எங்கள் முப்பத்தொன்றில் சம்மன் எதுவும் இல்லை.

யாருக்குமே திவால் பொருந்தாது என்று சொல்ல மாட்டேன். கடன் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம், வருமானம் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட், சொத்து ஒன்றுமில்லை, வயதும் ஆகிவிட்டது என்ற நிலையில் இருப்பவர் முப்பது ஆண்டு தவணை கட்டிக்கொண்டிருக்க முடியாது. அவர் தாமாகவே மனு போடவும் சட்டம் இடம் தருகிறது. முன்பு திவாலிலிருந்து வெளியே வருவதுதான் பெரும்பாடாக இருந்தது. 2017 திருத்தம் நிபந்தனைகளை நிறைவேற்றுபவருக்கு மூன்று ஆண்டில் தானாகவே விடுவிப்பு கிடைக்கும் வழியைத் திறந்தது. 2023 திருத்தம் அதை மேலும் எளிதாக்கியது. ஆனால் தம் வருமான, சொத்து விவர அறிக்கையை ஒழுங்காகத் திவால் துறையிடம் கொடுத்தவருக்குத்தான் இந்த வழி. பயந்து ஒளிந்துகொண்டிருப்பவர் வருடக்கணக்கில் உள்ளேயே இருப்பார், அங்கிள் இருந்ததைப் போல.

இன்னொரு வழிக்குத் தன்னார்வ ஏற்பாடு என்று பெயர். இதுவும் 2017இல் வந்ததுதான். திவாலாவதற்கு முன், கடனாளி ஒரு தகுதி பெற்ற முகவரை நியமித்து, கடன் கொடுத்த அனைவருக்கும் ஒரு திட்டத்தை முன்வைக்கலாம். நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்தால் 90 நாள்களுக்கு யாரும் வழக்கு நடத்த முடியாது. கடன் மதிப்பில் முக்கால் பங்கு வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் திட்டம் எல்லாரையும் கட்டுப்படுத்தும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முகவருக்குக் கட்டணம், வழக்கறிஞருக்குக் கட்டணம், நீதிமன்றச் செலவு. சொந்தத் தொழில் நொடித்துப்போன ஒரு குத்தகையாளருக்கு இது பொருந்தும். மாதம் 840 மிஞ்சும் வீட்டுக்கு, கடனைத் தீர்க்கக் கடன் வாங்கிய கதையாகிவிடும். இதை நாங்கள் ஐந்து நிமிடத்தில் ஒதுக்கிவிட்டோம்.

மூன்றாவதுதான் நாங்கள் அதிகம் யோசித்தது: ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக அமைப்பு. பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. அவர்களிடம் கடன் நிர்வாகத் திட்டம் என்று ஒன்று உண்டு. நம் வங்கிக் கடன்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வங்கியுடனும் பேசி, வட்டியையும் காலத்தையும் மாற்றி, நம்மால் கட்டக்கூடிய ஒரே தவணையாக ஆக்குவார்கள். நாம் அவர்களிடம் கட்டினால் அவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள். அசல் தள்ளுபடி ஆகாது. இதை நம் மக்கள் பலர் தவறாகப் புரிந்துகொண்டு போய், ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்.

யாருக்குப் பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் யாருக்குப் பொருந்தும் என்பது விளங்கும். ஏற்கெனவே திவாலானவருக்கு இது இல்லை. வீட்டுச் செலவு போக ஒன்றுமே மிஞ்சாதவருக்கும் இல்லை. கட்டப் பணமே இல்லாதபோது எந்தத் திட்டமும் நிற்காது. அவர் முதலில் தேட வேண்டியது வருமானம், அல்லது சமூகநல இலாகாவின் உதவி. கடனில் பெரும்பகுதி ஆலோங்கிடமும் சொந்தக்காரரிடமும் இருந்தால் இத்திட்டம் அதைத் தொடாது. கடன் சிறியது, ஓராண்டில் கட்டிவிட முடியும் என்றால், நேரே வங்கிக்குப் போய்த் தவணையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதே மேல். வங்கியுடன் நாமே பேசலாம் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. கேட்டால் சிறுமை என்று நினைக்கிறோம்.

ஆலோங்கைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. 1951ஆம் ஆண்டு வட்டித் தொழிலர் சட்டப்படி, உரிமம் பெற்றவரே ஈடு உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடு இல்லாத கடனுக்கு 18 விழுக்காடும்தான் வாங்கலாம். உரிமம் இல்லாதவர் கொடுத்த கடனை நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது. வாரத்துக்குப் பத்து விழுக்காடு என்று யாராவது சொன்னால் அவர் எந்த வகை என்று விளக்கத் தேவையில்லை. சிவப்புச் சாயத்துக்கு நீதிமன்றம் தேவைப்படாது என்பதும் தெரிந்ததுதான். மிரட்டல் வந்தால் போலீஸ் புகார் ஒன்றே வழி. அப்பா அந்தப் பக்கம் போகவில்லை. போகவிருந்தார் என்று அம்மா பின்னால் சொன்னார்.

ஆனால் வேறொருவரிடம் போயிருந்தார். "சிசிரிஸில் உங்கள் பெயரைச் சுத்தம் செய்து, பெரிய கடன் ஒன்று வாங்கித் தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒருவரிடம் 800 ரிங்கிட் முன்பணம் கொடுத்திருந்தார். அந்த எண் இப்போது இல்லை. நண்பர்களே, சிசிரிஸ் என்பது பேங்க் நெகாராவின் கடன் பதிவு. நம் கடன்களையும் கடந்த 12 மாதம் கட்டிய விதத்தையும் காட்டுவது. அது கறுப்புப் பட்டியல் அல்ல. பணம் கொடுத்து அழிக்கக்கூடியதும் அல்ல. ஒழுங்காகக் கட்டிக்கொண்டு போனால் பழைய மாதங்கள் பின்னால் உதிர்ந்து, புதிய மாதங்கள் முன்னால் வரும். அந்த அறிக்கையை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். 800 ரிங்கிட் எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகை.

இன்னொரு யோசனையும் வந்தது, சேமநிதி. அப்பாவுக்கு 53 வயது. 50 வயதில் எடுக்க அனுமதிக்கும் பகுதியை அவர் இன்னும் தொடவில்லை. "அத எடுத்து ஒரே அடியா கட்டிடலாம்" என்றார். மனம் எனக்கும் அப்படித்தான் சொன்னது. ஆனால் ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி, சேமநிதியில் இருக்கும் பணத்தைக் கடன் கொடுத்தவர் எவரும் பறிக்க முடியாது. திவாலானால்கூடத் திவால் துறை எடுக்க முடியாது. அது வெளியே வந்து வங்கிக் கணக்கில் விழுந்த பிறகு சாதாரணப் பணம். வேறு எந்தச் சொத்தும் இல்லாத மனிதரிடம், யாரும் தொட முடியாத ஒரே சொத்து அது. அதை எடுத்து, தவணையில் அடைக்கக்கூடிய கடனுக்குக் கொடுப்பது சரியா? 18 விழுக்காட்டு வட்டிக் கடனை 6 விழுக்காடு இலாப ஈவு தரும் பணத்தால் அடைப்பது கணக்குப்படி சரி என்று என் அறைத்தோழி வாதிட்டாள். அவள் கணக்கியல் மாணவி, கணக்கு தப்பில்லை. ஆனால் இன்னும் ஏழு ஆண்டில் அப்பாவின் முதுகு ஃபோர்க்லிஃப்டில் உட்கார மறுக்கும். அப்போது மாத வருமானம் எங்கிருந்து வரும் என்ற வரி அவள் கணக்கில் இல்லை. அப்பாதான் கடைசியில் வேண்டாம் என்றார்.

ஏப்ரலில் ஏ.கே.பி.கே. கிளைக்குப் போனோம். அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடன் அறிக்கைகள், வீட்டுச் செலவுக் கணக்கு ஆகியவற்றோடு டின்னையும் எடுத்துப் போனார் அப்பா. பையில் போட்டுத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. ஆலோசகர் அம்மா வயதுள்ள மலாய்ப் பெண்மணி. டின்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மீனுக்கு மாதம் எவ்வளவு, மோட்டாருக்கு டயர் எப்போது மாற்றினீர்கள், பெரிய பிள்ளைக்கு வீட்டிலிருந்து பணம் அனுப்புகிறீர்களா என்றெல்லாம் கேட்டார். கல்விக் கடனில் படிக்கும் எனக்கு வீட்டிலிருந்து பணம் வருவதில்லை என்றேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தாளில் இருந்த 840ஐ அவர் ஏற்றுக்கொண்டார். காரை அதன் போக்கிலேயே விட்டுவிடலாம், அது நாள் தவறாமல் கட்டப்பட்டு வருகிறது என்றார். அட்டைகளும் தனிநபர் கடனும் சேர்ந்து 21,700. வங்கிகளின் பதில் வர வாரங்கள் ஆயின. அதுவரை முடிந்ததைக் கட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். இறுதியில் வந்தது மாதம் 380 ரிங்கிட், 72 மாதம். மொத்தம் 27,360 கட்ட வேண்டும். அதாவது 5,660 ரிங்கிட் கூடுதல். வேறு ஒருவருக்கு வேறு எண் வரும். வங்கிக்கும் கடனுக்கும் ஏற்ப இது மாறுவது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். இங்கேதான் உண்மையான முடிவு இருந்தது. 380, காருக்கு 395, அடகுக்கு 48. கூட்டினால் 823. மிஞ்சுவது 17 ரிங்கிட். மாதம் 17 ரிங்கிட் இடைவெளியில் ஒரு குடும்பம் ஓட முடியுமா? தவணை தவறினால் திட்டம் ரத்தாகலாம். பழைய வட்டி திரும்ப வரும். அட்டைகளை ஒப்படைத்துவிடுவோம், புதுக் கடனும் வாங்க முடியாது என்பதால், அவசரத்துக்கு ஓடுவதற்கு இடமும் இருக்காது. தாளில் பொருந்துகிறது என்பதற்காக ஒப்புக்கொண்டு, எட்டாவது மாதம் விழுந்தால் போகாமல் இருந்ததைவிட மோசம்.

அம்மா இரண்டு வளையல்களில் ஒன்றை விற்று மற்றதை மீட்டார். தங்கத்தின் விலை ஏறியிருந்ததால் அது முடிந்தது. இரண்டரை ஆண்டாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே வந்தோம். அந்த வட்டியை மட்டும் கூட்டினால் 1,440 ரிங்கிட். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அடகு போனதும் 17 என்பது 65 ஆனது. நான் வார இறுதியில் டியூஷன் சொல்லிக்கொடுத்து மாதம் 100 ரிங்கிட்டைத் தனிக் கணக்கில் போடுவது என்று முடிவு செய்தோம். அது கடனுக்கல்ல, டயருக்கும் பல்வலிக்கும். இந்த இரண்டும் அமைந்த பிறகே அப்பா கையெழுத்துப் போட்டார். அமையாவிட்டால் காரை விற்றுவிட்டு மோட்டாரோடு நிறுத்தியிருப்போம், அல்லது திட்டத்துக்கே போயிருக்க மாட்டோம். காரை விற்பதில் அம்மாவுக்கு ஒப்புதல் இருந்தது. அப்பாவுக்கு இல்லை, இரவு வேலை முடிந்து மழையில் நாற்பது கிலோமீட்டர் மோட்டாரில் வருவது அவர்தான்.

மாமாவின் 3,000 எந்தத் திட்டத்திலும் சேராதது. வங்கிக்கு வட்டி குறையச் சொல்லிக் கேட்ட அப்பாவுக்கு, மச்சானிடம் காலம் கேட்க வாய் வரவில்லை. அம்மாதான் போனார். மாமா, "நான் கேட்டேனா?" என்றாராம். ஆனால் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது அத்தை வழக்கம்போல் பேசவில்லை என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். சொந்தக்காரர் கடனுக்குச் சம்மன் வராது. வேறு விதமாக வரும்.

முதல் தவணை 2025 ஜூனில் போனது. இதை எழுதும்போது எட்டு முடிந்து, அறுபத்துநான்கு மீதம் இருக்கிறது. நான்காவது மாதம் ஃபிரிட்ஜ் கெட்டது. டியூஷன் பணம் அதற்குப் போனது. கடிதங்கள் இப்போதும் வருகின்றன. அப்பா ஒவ்வொன்றையும் பிரித்து, கைப்பேசியில் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிடுகிறார். சில வெறும் விளம்பரம். அவற்றையும் அனுப்புகிறார்.

போன மாதம் ஓவர்டைம் திரும்ப வந்தது, 180 ரிங்கிட். கூடுதலாகக் கிடைப்பதை ஏ.கே.பி.கே. தவணையோடு சேர்த்துக் கட்டினால் வட்டி மிச்சமாகும் என்று அப்பாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். மறுநாள் இரவுதான் பதில் வந்தது. "மாமாவுக்கு முதல்ல 150 குடுத்துட்டேன். அத்தைகிட்டதான் குடுத்தேன்."